மாதிரி நீராவிப் பொறியின் வகுப்பு மாற்றம்

மாதிரி நீராவிப் பொறியின் வகுப்பு மாற்றம் என்பது, கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் நீராவித் தொடர்வண்டிப் பொறியின் சிற்றுருவை வெட்டியும் ஒட்டியும் புதிய உறுப்புகளைச் சேர்த்தும் வேறொரு வகுப்புப் பொறியின் சிற்றுருவாக ஆக்கும் கைவினை ஆகும். ஆயத்தப் பொருள்களைக் கொண்டு வேறொரு சிற்றுருவை ஆக்கும் இத்தகைய பணி 'கிட்பாஷிங்' எனப்படுகின்றது. வண்ணத்தையும் எண்ணையும் மட்டும் மாற்றுவது வகுப்பு மாற்றம் ஆகாது.

தேவை

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க, சப்பானியப் பொறிகளின் சிற்றுருக்களையே வெளியிடுகின்றன. ஆகவே, தமிழகத்து மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய பொறிகளைச் சிற்றுருவில் காண விரும்புவோர் தாமே உருவாக்க வேண்டியுள்ளது. காரைக்கால் பகுதியின் பூவம் என்னும் சிற்றூருக்கு வடக்கே தரங்கம்பாடியிலும் தெற்கே காரைக்காலிலும் மீட்டர் கேஜ் பாதைகள் முடிவடைந்தன. 1898-இல் திறக்கப்பட்ட பேரளம் - காரைக்கால் பாதையும், மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதையும் 1980-களில் மூடப்பட்டன. 2011-இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு வந்தது அகலப் பாதை ஆகும். மறைந்த பாதைகளின் தோற்றத்தைக் காட்டும் பதிவாகவும் சிற்றுரு அமைவதால், அதன் வகுப்பு சரியாக இருத்தல் இன்றியமையாதது.

வகுப்பைத் தீர்மானிப்பவை

ஒரு பொறியின் வகுப்பை வேறுபடுத்தும் முதன்மைக் கூறுகள் சக்கர அமைப்பு, இயக்கு சக்கரத்தின் விட்டம், அச்சுகளுக்கு இடையிலான தொலைவு, கொதிகலன் ஆகியன. சக்கர அமைப்பை மூன்று எண்களால் குறிப்பர். எடுத்துக்காட்டாக, 4-6-2 என்பது முன்னே 4 தாங்கு சக்கரங்களும், நடுவே 6 இயக்கு சக்கரங்களும், பின்னே 2 தாங்கு சக்கரங்களும் கொண்ட பொறியைக் குறிக்கும்.

நீலகிரி மலை இரயில் பாதையின் எக்ஸ் வகுப்புப் பொறிகள் சில, பொன்மலைப் பணிமனையில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிக்குமாறு மாற்றப்பட்டன. எரிபொருள் மாறியபோதும் அவை எக்ஸ் வகுப்பாகவே நீடித்தன.

இதற்கு மாறாக, இந்திய இரயில்வேயின் ஒய்.பி., ஒய்.ஜி. ஆகிய மீட்டர் கேஜ் வகுப்புகள் ஒரே வகைக் கொதிகலனைக் கொண்டிருந்தும் தனித்தனி வகுப்புகளாக விளங்கின. பயணிகள் வண்டிகளுக்கான ஒய்.பி. 4-6-2 அமைப்பையும் 1372 மி.மீ. இயக்கு சக்கரங்களையும் உடையது. சரக்கு வண்டிகளுக்கான ஒய்.ஜி. 2-8-2 அமைப்பையும் 1219 மி.மீ. இயக்கு சக்கரங்களையும் உடையது. எனவே ஒரு கொதிகலன் வார்ப்பைக் கொண்டு இரு வகுப்புகளையும் செய்யலாம். அடிச்சட்டமே வேறாக வேண்டும்.

அடிச்சட்டத்தைத் தேர்தல்

சப்பானின் சி57 பொறி 4-6-2 அமைப்பும் 1750 மி.மீ. இயக்கு சக்கரங்களும் உடையது. அதன் 1:150 அளவுச் சிற்றுரு 9 மி.மீ. பாதையில் ஓடுகின்றது, சக்கர விட்டம் 11.67 மி.மீ. ஆகும். ஒய்.பி. பொறியை 1:120 அளவில் செய்தால் சக்கரம் 11.43 மி.மீ. இருக்க வேண்டும். வேறுபாடு 0.24 மி.மீ. மட்டுமே. மீட்டர் கேஜ் பாதை இவ்வளவில் 8.33 மி.மீ. ஆகும், 9 மி.மீ. பாதை சற்றே அகலமானது எனினும் பலர் இதனை ஏற்பர். இரு பொறிகளிலும் வால்ஷார்ட்ஸ் வகை வால்வு இயக்கமே உள்ளதால் வெளிப்புறக் கம்பிகளையும் பயன்படுத்தலாம்.

ஒய்.ஜி. வகுப்புக்கு டி51 பொறியின் சிற்றுரு பொருந்துவதுபோல் தோன்றும். அதுவும் 2-8-2 அமைப்பே. ஆனால் 1400 மி.மீ. சக்கரம் 1:150 அளவில் 9.33 மி.மீ. ஆகும், தேவைப்படுவதோ 10.16 மி.மீ. ஆகும். பெரிய சக்கரங்களைப் பொருத்தினால், அச்சுகள் நெருக்கமாக உள்ளமையால் சக்கர விளிம்புகள் உரசக்கூடும். எண் குறியீடு ஒத்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

செய்முறை

1. வரைபடம், ஒளிப்படம் ஆகியவற்றிலிருந்து அளவுகளைப் பெற்று, தெரிவுசெய்த அளவுக்குச் சுருக்கி வரைதல்.
2. பழைய மேலுடலைக் கழற்றி, அடிச்சட்டம் தனியாக நன்கு ஓடுகின்றதா எனச் சோதித்தல்.
3. கொதிகலனைக் குழாயாலும், ஓட்டுநர் அறையைப் பித்தளை அல்லது நெகிழித் தகட்டாலும் அமைத்தல்.
4. வளைவுகளில் முன் சக்கரங்கள் உருளைகளில் இடிக்காதவாறு இடைவெளி விடுதல்.
5. இயக்கு சக்கரங்களின் மேல் எடை விழுமாறு கொதிகலனுள் ஈயத்துண்டுகளை வைத்தல். எடை முன்னோ பின்னோ சாய்ந்தால் இழுவை குறையும்.
6. வண்ணம் தீட்டி எண்ணை எழுதுதல்.

உலோக மேலுடல் மின்னோட்டப் பகுதிகளைத் தொட்டால் மின்குறுக்கு ஏற்படும் என்பதால் மின்காப்பு இடுதல் வேண்டும். வெட்டிய சிற்றுருவை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. ஆதலால் அரிய பழஞ்சிற்றுருக்களைத் தவிர்த்து, மேலுடல் சிதைந்தும் இயக்கம் நன்றாகவும் உள்ளவற்றைத் தேர்வதே சிறந்தது.