மேலுமலைக்கு மேலே ஒரு பட்டம், கீழே ஒரு பட்டம்

ஓசூரில் புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் பலர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மதுரைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ அம்மா எந்த மாதத்தில் என்ன விதைத்தார் என்ற நினைவையும், சென்னை மாடித்தோட்டக் காணொளிகளையும் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். விதை முளைக்கிறது, செடி தழைக்கிறது, காய்ப்பு மட்டும் ஏமாற்றிவிடுகிறது. நமக்குக் கைராசி இல்லை என்று பைகளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பட்டத்தில்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலுமலை ஏறி, சூளகிரி தாண்டி, 50 கிலோமீட்டர் போனால் ஓசூர். உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். மாவட்டம் ஒன்றுதான். ஆனால் சித்திரையில் கிருஷ்ணகிரி 38 டிகிரியில் காயும்போது ஓசூரில் மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். செடிக்குப் பகல் வெயிலைவிட முக்கியமானது இரவின் குளிர்ச்சி. தக்காளிப் பூ பிஞ்சாவதற்கு 15 முதல் 20 டிகிரி வரையான இரவு வேண்டும். பகல் 35-ஐத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே கிடந்தால் பூ உதிர்ந்துவிடும். எந்த உரம் போட்டும் நிறுத்த முடியாது. அதனால் காவேரிப்பட்டணத்திலோ பர்கூரிலோ இருப்பவர் பங்குனி, சித்திரையில் தக்காளிக்குப் பாடுபட வேண்டாம். வெண்டை, கொத்தவரை, புடலை, தண்டுக்கீரை என்று வெயில் தாங்குவதை வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரருக்கு அதே மாதங்களிலும், நிழல்வலை கட்டித் தண்ணீர் தவறாமல் விட்டால், தக்காளியும் பீன்ஸும் கைக்கு வரும். ஐப்பசி தொடங்கி மாசி வரை முள்ளங்கி, பீட்ரூட், கேரட், கோஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் எல்லாமே அவருக்கு எளிது. சமவெளியில் வளர்ந்தவர்கள் மலைக்காய்கறி என்று ஒதுக்கிவிடும் இவற்றை ஓசூரில் பையில் வளர்க்க முடியும். பந்தல் போட இடமிருந்தால் சௌசௌ ஒரு கொடி போதும். பக்கத்து வீடுகளுக்கும் காய் போகும்.

இந்த மண்ணுக்கே உரிய செடி அவரை. மார்கழி, தை மாதங்களில் ஓசூர்ச் சந்தையில் குவியும் அவரைக்காயை உரித்து, விதையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் தீர்மானம். இதை வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டு மாசியில் விதை ஊன்றுகிறவர்கள் உண்டு. கொடி கூரை ஏறும், பூ மட்டும் வராது. நாட்டு அவரை பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். பொழுது சுருங்கி இரவு நீளும்போதுதான் அது மொட்டு விடும். மாசியில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் பூப்பது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். ஆகவே ஆடி, ஆவணியில் போடுங்கள். இப்பகுதி உழவர்கள் கேழ்வரகோடு ஊடுபயிராக அவரை விதைப்பதும் இந்தக் கணக்கில்தான் பொருந்துகிறது. எப்போது வேண்டுமானாலும் காய்க்கிற அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்துச்செடி ரகங்கள் இருக்கின்றன. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை ரகங்களும், ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் ரகங்களும் அப்படிப்பட்டவை. எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் அந்த நிறுவனம் ஓசூர்த் தோட்டக்காரருக்கு நல்ல துணை. அங்கே ரகம் உருவாவது நம் வீட்டு வானிலையை ஒத்த வானிலையில். இலைச்சுருட்டை நச்சுயிரி, வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் அர்க்கா ரக்ஷக் தக்காளி அங்கிருந்து வந்ததுதான். அது வீரிய ஒட்டு ரகம், விதை எடுத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது.

பழமரங்களில் முதலில் பப்பாளி. கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைப் போட்டால் ஆண் மரமாகவும் அமையலாம். ஐந்தாறு மாதம் கழித்துப் பூ வரும்போதுதான் தெரியும். கோ 7, ரெட் லேடி போன்ற ரகங்களில் எந்தச் செடியும் காய்க்கும் என்பதால் ஒரே ஒரு மரத்துக்கு இடம் உள்ள வீட்டுக்கு அவையே பொருத்தம். கோ 8 வைத்தால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்தபின் தேவையற்ற ஆண் மரங்களைக் கழிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஓசூரில் பழுக்கும் பப்பாளி சற்றுச் சப்பென்று இருக்கும், அதற்கு மருந்தில்லை. மாம்பழம் கிருஷ்ணகிரியின் பெருமை. ஆனாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிற பெங்களூரா ரகத்தை வீட்டு வாசலில் வைக்காதீர்கள். பருவத்தில் தெருவெல்லாம் கிடைக்கும் பழம் அது. நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை ரகமான பையூர் 1 சின்ன மனைக்கு ஏற்றது. கொய்யாவும் எலுமிச்சையும் இரண்டு ஊரிலும் வரும். ஓசூரில் பட்டர் ஃப்ரூட் நன்றாக வளரும், தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகிச் செத்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டோரம் வீடு இருந்தால் பலா, வாழை வைக்குமுன் யோசியுங்கள், யானை வழி அது.

தொழில் நகரம் என்பதால் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். காயலான் கடைகளில் பாதியாக அறுத்த நீல டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். கரைப்பான், அமிலம், பூச்சுப் பொருள் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அதில் கீரை வளர்த்துக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. உணவுப்பொருள் வந்த டிரம் என்று உறுதியானால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் பை வாங்குங்கள். வாடகை வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறவும் முடியும். புது மனைப்பிரிவுகளின் மண்ணும் நம்பத்தக்கதல்ல. மேல்மண்ணை வழித்துவிட்டுக் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவியிருப்பார்கள். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாவது இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம். கன்று வைக்கும் இடத்தில் மூன்றடிக் குழி எடுத்து, இடிபாட்டை வெளியேற்றி, செம்மண்ணும் மக்கிய தொழுஉரமும் கலந்து நிரப்புங்கள். மாடிப் பைகளுக்குச் செம்மண், தொழுஉரம், கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. நனைந்த 30 லிட்டர் பை ஏறக்குறைய 30 கிலோ கனக்கும். நடு மாடியில் குவிக்காமல் சுவர், உத்தரத்தின் மேல் வரிசையாக வையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. பையின் விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் மழைநீரைப் பிடித்து இரண்டொரு முறை நன்றாக ஊற்றி அலசிவிட வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தென்பெண்ணை நீரை, அது பெங்களூருக் கழிவு சுமந்து வருவது என்பதால், பச்சையாகத் தின்னும் கீரைக்கும் தக்காளிக்கும் விடவே கூடாது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர் பையின் மேல் காய்ந்த இலைச் சருகை மூடாக்காகப் பரப்பி, மாலையில் தண்ணீர் விட்டால் போதும். இலையை நனைக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். ஆவணி முதல் கார்த்திகை வரை ஓசூர்த் தூறலில் பூஞ்சைதான் முதல் பகை.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. 2025-இல் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் மானியத்தில் தரப்பட்டன. இப்போதைய நிலவரத்தை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறியலாம். மாங்கன்றுக்கும் ரக யோசனைக்கும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒட்டுக்கன்று வாங்கி நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது இருக்கட்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.