பால்மரத்தைத் துளைக்கும் சிறு வண்டு

காலையில் மரம் வெட்டச் செல்லுங்கால், சில மரங்களின் தூரில் மாவைத் தூவினாற்போல் வெண்ணிறத் தூள் கிடப்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் கண்டிருக்கக்கூடும். பட்டையை உற்று நோக்கினால் குண்டூசித் தலையளவு துளைகள் தெரியும். இது துளைவண்டின் வேலையாகும். கறையான் எனில் மண்பூச்சு இருக்கும். இங்கு அது இராது. "வண்டு அரித்து மரம் செத்தது" என்றே பலரும் கூறுவர். அக்கூற்று பாதியளவே உண்மை என்பதை நாம் இங்கு விளக்க விரும்புகிறோம்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமேயுள்ள இவ்வண்டு, நலமுள்ள மரத்தைத் துளைக்க முற்பட்டால், பால் பொங்கி வந்து அதனை மூழ்கடித்துவிடும். ஆகவே பால் வற்றிய இடத்தையே அது நாடுகிறது. அவ்விடத்தை எவ்வாறு அறிகிறது? மோப்பத்தினால்தான். வெயிலில் கருகிய பட்டை, இடி விழுந்த மரம், லாலாங் தீயில் வெந்த தூர், அழுகல் நோய் கண்ட வெட்டுப்பட்டை, கத்தி ஆழமாக இறங்கிய காயம் ஆகியவற்றில் மரத்தின் சத்துக் கெட்டுப் புளித்துச் சிறிதளவு சாராயம் உண்டாகிறது. அவ்வாடையைத் தேடியே வண்டு வருகிறது. (கள்ளுக்கடைக்கு வழி தெரிந்தவர் மனிதரில் மட்டும் இல்லை போலும்!) ஆராய்ச்சியாளர் இவ்வண்டுகளைப் பிடிக்கும் பொறிகளில் சாராயம் வைப்பதும் இதனாலேயே.

துளைப்பது பெண் வண்டே. அது மரத்தைத் தின்பதில்லை. ஆதலால்தான் தூள் முழுவதும் வெளியே தள்ளப்படுகிறது. தன் உடலிலுள்ள நுண்ணிய பையில் பூஞ்சை வித்துகளைக் கொணர்ந்து, சுரங்கச் சுவரில் விதைத்துப் பயிர் செய்கிறது. தாய்க்கும் புழுக்களுக்கும் அப்பூஞ்சையே உணவு. இவ்வகையில் பலவற்றின் ஆண்களுக்குப் பறக்க இயலாது. பெண்களே வித்துகளுடன் அடுத்த மரத்தைத் தேடிப் புறப்படுகின்றன.

குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் பால் இல்லை, பிசின் உண்டு. அங்குள்ள பட்டைவண்டு ஒரு மரத்தில் இறங்கியதும், தன் வாசனையால் இனத்தை அழைக்கிறது. ஆயிரக்கணக்கில் கூடித் தாக்கும்போது, வலுவான மரமும் பிசின் வற்றி மாள்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய தாக்குதல், ஏறத்தாழ 180 இலட்சம் ஹெக்டர் பைன் காட்டைப் பாதித்தது. நம் துளைவண்டுக்கு அத்தகைய படைபலம் இல்லை. மரம் முன்னரே நலிந்திருந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும்.

நெகிரி செம்பிலானில், குறிப்பாக மழை குறைந்த ஜெலுபு, கோலப்பிலா பகுதிகளில், இலையுதிர் காலத்து வறட்சியில் பாலோட்டம் தளர்கிறது. அந்நாட்களில் காயம்பட்ட மரங்களைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். மழைக்கு முன் நிரையை முடிக்கும் அவசரத்தில் கத்தி ஆழ இறங்குவதுண்டு. கூலியை எண்ணி விரைபவரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் மரத்தின் வெள்ளை தெரியுமளவு வெட்டு விழுந்தால், அதை மறைக்காமல் மண்டோரிடம் கூறி மருந்து பூசச் செய்க. தூளைக் கண்டாலும் அன்றே அறிவித்தல் நலம். வண்டு உள்ளே சென்றபின், மேலே தெளிக்கும் மருந்து சுரங்கத்தை எட்டுவது அரிது. பட்டுப்போன மரத்தையும் வெட்டிய கட்டையையும் நிரைகளுக்கிடையே விட்டுவைத்தால், அவையே அடுத்த கூட்டத்திற்கு வீடாகும். அறுவை ஆலைக்குரிய ரப்பர் மரமாயின், வெட்டிய சில நாட்களுக்குள் அனுப்பிவிடுதல் வேண்டும். தாமதித்தால் துளையும் நீலக்கறையும் ஏறி அதன் விலை குன்றும்.