கொடைக்கானல் குளிருக்குக் கரி அடுப்பா? காட்டேஜ் சிட்-அவுட்டில் கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

டிசம்பர் ராத்திரியிலும் ஃபேன் இல்லாமல் தூக்கம் வராத ஊர் தூத்துக்குடி. அதனாலதான் நாலு நாள் லீவு சேர்ந்தாப்ல கிடைச்சா, மதுரை, வத்தலக்குண்டு வழியா கொடைக்கானலுக்கு வண்டியைத் திருப்பிடுறோம். அங்க மரத்தில் கட்டின காட்டேஜ், முன்னாடி கூரை போட்ட சிட்-அவுட், எதிர்ல பனிமூட்டம். ஸ்டேட்டஸ் போட வேற என்ன வேணும்?

ஏழு மணிக்கு மேல குளிர் ஏறும். கடல்மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில 10 டிகிரிக்குக் கீழ போயிடும். அப்போதான் யாராவது ஒருத்தர், "பார்பிக்யூ அடுப்புல கரி இன்னும் கனியுதுல்ல, இங்க இழுத்துப் போடுடா"ன்னு ஆரம்பிப்பார். காத்து அடிக்குதேன்னு சிட்-அவுட்டைச் சுத்தித் தார்ப்பாய் கட்டுவோம். தூக்கம் வந்ததும், "அணைய எப்படியும் நேரமாகும், ரூமுக்குள்ளயே வெச்சுக்கலாம்"னு தோணும்.

இந்த மூணாவது யோசனைதான் உயிரைப் பறிக்கிறது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளம் பகுதியில் தங்கியிருந்த திருச்சி இளைஞர்கள் இருவர், குளிருக்காக அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் சடலமாக மீட்கப்பட்டார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலைப்பகுதிக்குச் சுற்றுலா போன கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில் கதவு, ஜன்னலை அடைத்துத் தூங்கியதில் இறந்துபோனார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். இரண்டு இடத்திலும் தீப்பிடிக்கவில்லை. இரண்டு இடத்திலும் எழுந்து வெளியே ஓடணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை.

ஏன் தோணலை?

முத்துக்குளிப்பவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை

நம்ம ஊர்க் கடல்ல இருந்தே இதைப் புரிஞ்சுக்கலாம். தூத்துக்குடியில் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். மூச்சை அடக்கிக் கல்லைப் பிடிச்சு இறங்கும் குளியாள், ஒரு நிமிஷம் போல கீழே இருந்து சிப்பி பொறுக்குவார். பிறகு நெஞ்சு முட்டும். 'மேல வா'ன்னு உடம்பே கத்தும். அப்படிக் கத்த வைக்கிறது முக்கியமா, ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடு. அதோட அளவு கூடினதும், மூச்சு விடச் சொல்லி மூளை கட்டளை போடுது.

கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடு அப்படி இல்லை. அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோட ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. ஆனா, மூச்சு வழக்கம்போல போய்வந்துக்கிட்டே இருக்கிறதால நெஞ்சு முட்டாது. லேசான தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி... பயணக் களைப்புன்னு நினைச்சுப் படுத்துடுவோம். குளியாளுக்குக் கேட்ட அந்தச் சத்தம் நமக்குக் கேட்கவே கேட்காது.

'புகை இல்லையே'ன்னு நம்பாதீங்க

விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போடுறதைப் பார்த்திருப்பீங்க. விறகை அடுக்கி, மண் பூசி, காத்து அதிகம் போகாம நாள்கணக்கில் வேக வைப்பாங்க. ஈரமும் புகையும் அங்கேயே போய்விடும். மிஞ்சுறது கிட்டத்தட்ட வெறும் கார்பன். அதனாலதான் கரி, விறகு மாதிரி கண்ணைக் கரிக்காது. 'புகையே இல்லை, உள்ள வைக்கலாம்'னு நம்மை ஏமாத்துறதும் அந்தக் குணம்தான்.

உண்மையில் சுவாலை இல்லாம செக்கச்செவேல்னு கனியும் கரி, நிறைய கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். மேலே சாம்பல் மூடி 'அணைஞ்சிடுச்சு' போலத் தெரியும் கரியும் பல மணி நேரம் கக்கிக்கிட்டே இருக்கும்.

சிட்-அவுட் எப்போ 'ரூம்' ஆகுது?

மேலே கூரை, பின்னாடி காட்டேஜ் சுவர். மிச்சப் பக்கமெல்லாம் திறந்திருந்தா அது வெளியிடம். அதே இடத்தில் தார்ப்பாய், பிளாஸ்டிக் திரை, பெட்ஷீட்னு கட்டி அடைச்சுட்டா, அது மரத்தால் ஆன சின்ன ரூம். கதவு வழியா அந்த வாயு படுக்கையறைக்கும் போகும்.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: நெருப்பு வேணும்னா காத்தை விடுங்க, காத்தை அடைக்கணும்னா நெருப்பை வெளியே வைங்க. ரெண்டும் ஒரே இடத்தில் கூடவே கூடாது.

அப்போ எப்படித்தான் குளிர் காய்றது?

கேம்ப் ஃபயர், கரி அடுப்பு: கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மரத் தரையில் வைக்கிறதும் தப்பு. ஒரு பொறி போதும். காட்டேஜ்ல இருந்து நல்லாத் தள்ளி, மண் தரையிலோ கல் தளத்திலோ வைங்க. பக்கத்தில் ஒரு வாளி தண்ணி இருக்கட்டும். முடிஞ்சதும் தண்ணி ஊத்திக் கிளறி, திரும்ப ஊத்துங்க. சாம்பலை பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டாதீங்க. ராத்திரி முழுக்கச் சூடு இருக்கும்.

குடை மாதிரி நிக்கும் கேஸ் ஹீட்டர்: இது திறந்தவெளிக்கு மட்டும். கூரைக்கும் ஹீட்டருக்கும் எவ்வளவு இடைவெளி வேணும்னு அதோட கையேட்டில் இருக்கும்; அது தெரியாம மரக் கூரைக்குக் கீழே பத்த வைக்காதீங்க. சமையல் கேஸ் காத்தைவிடக் கனமானது. கசிஞ்சா தரையோரமாத் தேங்கும். வாசனை வந்தா ஸ்விட்சைத் தொடாம, சிலிண்டர் வால்வை மூடிட்டுத் தள்ளிப் போயிடுங்க.

இன்ஃப்ரா ரெட் கரன்ட் ஹீட்டர்: கூரை போட்ட சிட்-அவுட்டுக்கு இருக்கிறதிலேயே பாதுகாப்பானது இதுதான். எதுவும் எரியாததால் கார்பன் மோனாக்ஸைடு வராது. வெயில் மாதிரி நேரா உடம்பைச் சூடாக்கும். காத்து அடிச்சாலும் ஓரளவு வேலை செய்யும். ஆனா மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, கரன்ட். 2,000 வாட்ஸ் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. ஏசி, கீசருக்குப் போடுற 16 ஆம்பியர் பிளக் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினா வயர் உருகும். சுவர் மரமா இருந்தா அடுத்தது என்னன்னு சொல்லத் தேவையில்லை.

ரெண்டு, ஈரம். பனியும் சாரலும் படும் இடம் என்பதால், ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதுக்கு மேல் குறியீடு இருக்கும் ஹீட்டரா பாருங்க. எந்தப் பக்கமிருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம்.

மூணு, இடைவெளி. திரை, துண்டு, சோபா, மரத்தூண் எதுவானாலும் ஹீட்டர் முன்னாடி ஒரு மீட்டராவது காலியா இருக்கணும். ஈர சாக்ஸை அது மேல காயப்போடாதீங்க. தூங்கப் போகும்போது அணைச்சிடுங்க.

செலவைப் பத்திக் கவலையா? ரெண்டு மணி நேரம் ஓடினா 4 யூனிட். அவ்வளவுதான்.

ஹீட்டரே இல்லையா? தார்ப்பாயைத் தாராளமாக் கட்டுங்க, நெருப்பை மட்டும் தவிர்த்துடுங்க. காலுக்குக் கீழே கனமான விரிப்பு, மடியில் சுடுதண்ணிப் பை, ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலா ரெண்டு மூணு அடுக்கு டிரெஸ், காதை மூடுற குல்லா. இதுவே போதும்.

புக் பண்ணும்போதே கேளுங்க

"சிட்-அவுட்ல 16 ஆம்பியர் பிளக் இருக்கா? ரூம்ல கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கா?" புகை அலாரம் இருக்குன்னு சொன்னா அது போதாது, அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. கைக்கு அடக்கமா, பேட்டரியில் ஓடும் அலாரம் ஆன்லைனில் கிடைக்கும். அடிக்கடி மலைக்குப் போற கேங் ஒண்ணு வாங்கி பையில் போட்டுக்கலாம்.

யாராவது மயங்கிட்டா?

ஒரே ரூம்ல இருக்கும் ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தா, சாப்பாட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் வெளியே வந்துடுங்க. மயங்கினவரைத் திறந்தவெளிக்குக் கொண்டு வந்து 108-க்குக் கூப்பிடுங்க. காப்பாத்தப் போறவரும் உள்ளேயே நிக்கக் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வரணும்.

கொரோனா காலத்தில் வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, '98 காட்டுது, ஒண்ணுமில்லை'ன்னு விட்டுடாதீங்க. ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கிறது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்ஸைடான்னு அந்தக் கருவிக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை பண்ணி, ஆக்சிஜன் வைக்கிறதுதான் வழி.

கடல் காத்து வீட்டுக்குள்ளேயே புகுந்து போற ஊர்ல வளர்ந்த நமக்கு, காத்து இல்லாத இடத்தோட ஆபத்து சட்டுன்னு உறைக்காது. அடுத்த முறை மலை ஏறும்போது ஸ்வெட்டரோட சேர்த்து இதையும் எடுத்துட்டுப் போங்க. முக்கியமா, 'கரியை உள்ள வெச்சுக்கலாம்'னு சொல்ற அந்த ஃப்ரெண்டுக்கு இப்பவே ஃபார்வேர்டு பண்ணிடுங்க!