பாட்டரியா, டைனமோவா?

சென்ற ஆனி மாதத்து மழை இரவொன்றில், கட்கியில் வசிக்கும் நம் அன்பர் ஒருவர், உடல் நலமற்ற மனைவியாரைப் பிம்ப்ரி மருத்துவமனையினின்று வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். வண்டி, அவர் தந்தையார் 1968இல் வாங்கிய ஃபியட். ஹாரிஸ் பாலத்தருகே முகவிளக்குகள் மஞ்சளித்தன; கண்ணாடித் துடைப்பான் தளர்ந்தது; பிறகு எஞ்சினே நின்றுவிட்டது. கொட்டும் மழையில் ஒன்றரை மணி நேரம் அவ்வம்மையார் வண்டிக்குள் அமர்ந்திருக்க நேர்ந்தது.

அதற்கு முந்திய ஈராண்டுகளில் அன்பர் வாங்கிய பாட்டரிகள் மூன்று. ஒவ்வொரு முறையும் புதியதைப் பொருத்தி அனுப்பிய பட்டறைக்காரர், ஒருமுறையேனும் எதையும் அளந்து பார்த்தாரில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று அம்மையார் மறுநாள் கூறிவிட்டார். அதன் பிறகே நாம் அழைக்கப்பட்டோம்.

மும்பைக் குர்லாவில் பிரீமியர் ஆலை 1964 முதல் உற்பத்தி செய்த வகை அது. 1974இல் பத்மினி என்னும் பெயர் பெற்றது. மும்பையின் டாக்சிகளாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் விடைபெற்றன. நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இவ்வண்டி இன்னும் உண்டாகையால் கண்டதை எழுதுகிறோம்.

கணக்கெழுதுவதே நம் தொழில். ஆயினும் ரெயில் பெட்டிகளின் அடியில், அச்சால் சுழலும் மின்னாக்கி பாட்டரியை நிரப்பி விளக்கெரிப்பதைப் பல காலம் பார்த்திருக்கிறோம். காரிலும் ஏற்பாடு அதுவே. பாட்டரியில் உள்ளது இருப்பு; டைனமோ தருவது வரவு; விளக்கும் ஸ்டார்ட்டரும் செலவு. பணம் குறைகிறதென்று பணப்பெட்டியை மாற்றுகிற காசாளர் உண்டோ?

முதலில் இருப்பைப் பார்த்தோம். வெளியே மின்னூட்டி ஓரிரவு ஓய்வில் விட்ட பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் வெறுமைதான். மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே சோதிக்கலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவு தாழ்ந்திருந்தால் பாட்டரியே குற்றவாளி. அன்பருடையது 12.7 காட்டியது, அறைகளிலும் பேதமில்லை.

அடுத்து, களவுபோகும் செலவு உண்டா என்பது. சாவியை எடுத்து, கதவுகளை அடைத்து, எர்த்துக் கம்பியைக் கழற்றி, அதற்கும் பாட்டரி முனைக்கும் இடையே அம்மீட்டரை வைத்தோம். கடிகாரம், ரேடியோ முதலியன இல்லாத பழங்காரில் முள் அசையக்கூடாது. அசைந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுக்கையில் முள் விழுகிறதோ அந்தச் சுற்றிலே கசிவு. டிக்கியில் அணையாது எரியும் 5 வாட்டு விளக்கொன்று சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர்-மணி பாட்டரியை நான்கு நாளில் காலி செய்துவிடும். ரெகுலேட்டர் பெட்டியிலுள்ள கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டாலோ, மின்சாரம் டைனமோவுக்கே திரும்பி ஓடும். நிறுத்திய வண்டியில் டைனமோவைத் தொட்டால் சுடும். (அம்மீட்டர் இணைந்திருக்கையில் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. நாம் ஒரு மீட்டரை இழந்து இதைக் கற்றோம்.) அன்பரின் வண்டியில் முள் அசையவில்லை.

எஞ்சியது வரவு. எஞ்சினை ஓட்டி வேகம் கூட்டினோம். 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டிய அளவு 12.4இலேயே நின்றது. "சிவப்பு விளக்கு எரிந்து எச்சரிக்கவில்லையா?" என்று கேட்டோம். அதன் பல்பு போய் வருஷங்கள் ஆயிற்றாம்!

டைனமோவின் பெல்ட் வழவழப்பாகி மிகவும் தொய்ந்திருந்தது. புதியது போட்டும் 12.9தான். டைனமோவைக் கழற்றினால், கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, கம்யூட்டேட்டர் கரியேறிக் கிடந்தது. டைனமோ தரும் மின்சாரம் முழுவதும் அவ்விரு பிரஷ்களின் வழியே வரவேண்டும். அவை தேய்ந்தால் வரவு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் அலைந்து பொருந்துவன தேடினோம். பிரஷ்களும் பெல்ட்டும் சேர்ந்து ஒரு பாட்டரி விலையில் பத்திலொரு பங்கு ஆகவில்லை. மாற்றியபின் மீட்டர் 14.1 காட்டிற்று.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் டைனமோ ஒன்றும் தராது. தாபோடி நெரிசலில், மழையில், இரு முகவிளக்கும் துடைப்பானும் 10 ஆம்பியருக்குக் குறையாது கேட்கும்; அவ்வளவும் இருப்பிலிருந்தே போகும். ஆல்டர்னேட்டரோ நின்ற இடத்திலும் ஓரளவு மின்னூட்டும். சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் ஆலை முதலியோர் செய்பவை கடைகளில் கிடைக்கின்றன. தந்தையார் வண்டியின் பழமை கெடும் என்று அன்பர் தயங்குகிறார். நோயாளியை ஏற்றும் வண்டிக்குப் பழமை முக்கியமன்று என்பது நம் கட்சி.

அவர் முடிவு செய்யும்வரை வாரம் ஒருமுறை, காற்றோட்டமான இடத்தில், அருகே தீயின்றி, பாட்டரியை மின்னூட்டி வருகிறார். மின்னூட்டுகையில் ஹைட்ரஜன் எழும். அம்மையார் இரும்புக்கடைப் பேச்சை இன்னும் முழுதும் விட்டபாடில்லை.