கன்ஸ்ட்ரக்டர்: ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே சரியா பிறக்கணும்

போன எபிசோட்ல கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்னன்னு பார்த்தோம். இன்னைக்கு கன்ஸ்ட்ரக்டர். "தெரியுமே, கிளாஸ் பேர்லயே எழுதுவோமே, அதானே"ன்னு சொல்றவங்களுக்கு முதல்ல ஒரு கேள்வி.

ஜாவால ரொம்பப் பழைய டேட் கிளாஸ் ஒண்ணு இருக்கு. அதோட கன்ஸ்ட்ரக்டருக்கு 2024, 1, 30 என்று மூன்று எண்களைக் கொடுத்தால் என்ன தேதி கிடைக்கும்? 2024 ஜனவரி 30-ன்னு தானே தோணுது? கிடைக்கிறது 3924 மார்ச் 1.

சத்தியமா. நீங்க கொடுக்கிற வருஷத்தோட அது 1900-ஐக் கூட்டிக்கும். மாதத்தை 0-லேர்ந்து எண்ணும், அதனால 1-ன்னா பிப்ரவரி. பிப்ரவரில ஏது 30? 3924 லீப் வருஷம், 29 நாள்தான். மிச்சம் ஒரு நாளை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டுடும். எரர் கிடையாது. பழசாயிடுச்சு, பயன்படுத்தாதேன்னு கம்பைலர் ஒரு வார்னிங் கொடுக்கும், அதை யார் படிக்கிறாங்க? ப்ரோக்ராம் ஜம்முனு ஓடும். இது யாரோ ஒருத்தரோட இன்ஷூரன்ஸ் முடியிற தேதியா இருந்தா, மாட்டிக்கிறது அவர்தான்.

2014-ல் ஜாவா 8 வந்தபோது லோக்கல்டேட் என்ற புது கிளாஸ் வந்தது. அதோட கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட், நீங்க நேரா தொடவே முடியாது. 'ஆஃப்' என்கிற மெத்தட் வழியாத்தான் போகணும். அங்க 2024, 2, 30-ன்னு கொடுத்துப் பாருங்க, அதே இடத்துல எக்ஸெப்ஷன் எறியும். தப்பான தேதி ஆப்ஜெக்ட்டா பிறக்கவே பிறக்காது. எனக்குப் பிடிச்ச விஷயமே இதுதான்.

இப்ப நம்ம கிளாஸுக்கு வருவோம். பஸ் டிக்கெட்னு ஒரு கிளாஸ்: ஏறுற ஊர், இறங்குற ஊர், கட்டணம். கன்ஸ்ட்ரக்டரே எழுதலைன்னா ஜாவா தானா ஒண்ணு போட்டுக்கொடுக்கும். அதுல பிறக்கிற டிக்கெட்டுக்கு ஊர் ரெண்டும் நல், கட்டணம் 0. அப்புறமா செட்டர் வச்சு ஒவ்வொண்ணா நிரப்பலாம்தான். ஆனா யாரோ ஒரு செட்டரை மறந்தா, ஊரே இல்லாத டிக்கெட் சிஸ்டம் பூரா சுத்தும். வெடிக்கும்போது வேற எங்கேயோ, பிரிண்ட் பண்ற கோடுல வெடிக்கும். தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்.

அதுக்குப் பதிலா மூணையும் கேட்டு வாங்குற கன்ஸ்ட்ரக்டரை நீங்களே எழுதுங்க. உள்ளேயே சோதிச்சிடுங்க: ஊர் நல்லா இருந்தாலோ, கட்டணம் மைனஸ்ல போனாலோ எக்ஸெப்ஷன். நீங்க ஒண்ணு எழுதின உடனே ஜாவா இலவசமா கொடுத்தது போயிடும். வெறும் அடைப்புக்குறி போட்டு டிக்கெட் உருவாக்கினா கம்பைல் ஆகாது. நமக்கு வேண்டியதும் அதுதானே!

ஒரு சின்ன பொறி இருக்கு. பாராமீட்டருக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பேர் வச்சு, 'திஸ்' போடாம விட்டா, பாராமீட்டர் தன்னையே தனக்குள்ள போட்டுக்கும். ஃபீல்டு காலியாவே இருக்கும். ஃபீல்டை 'ஃபைனல்'னு அறிவிச்சா கம்பைலரே பிடிச்சிடும், அதனால நான் முடிஞ்ச இடத்துல எல்லாம் ஃபைனல் போடச் சொல்லுவேன்.

"குழந்தைக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு ஊர் மட்டும் போதும்"னா இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் எழுதலாம். ஆனா சோதனையைத் திரும்ப எழுதாதீங்க. சின்னது 'திஸ்' வழியா பெரியதைக் கூப்பிட்டு, கட்டணத்துக்கு 0 கொடுத்துட்டா போதும்.

ஹைபர்நேட் மாதிரி டேட்டாபேஸ் லைப்ரரி பயன்படுத்துறவங்க இந்நேரம் முணுமுணுப்பீங்க, அதுக்கு ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேணுமேன்னு. வேணும்தான். அதை 'புரொடெக்டட்'னு வச்சிடுங்க. லைப்ரரிக்கு அது போதும், மத்த பேக்கேஜ்ல இருக்கிறவங்க அதை வச்சு காலி டிக்கெட் அடிக்க முடியாது.

அடுத்த எபிசோட்ல இன்ஹெரிட்டன்ஸ். அப்பா கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர் ஏன் முதல்ல ஓடுதுன்னு அங்க பார்ப்போம்.