பட்டினி கிடந்தும் சர்க்கரை ஏறுவது ஏன்?

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோரில் பெரும்பாலோர் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் மந்தமாகியிருக்கும். கல் குத்தியதும் தெரியாது. தார்ச்சாலை சுட்டதும் தெரியாது. புண் புரையோடிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். சிலருக்கு அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியிருக்காது. அப்போது மருத்துவர் புண்ணைக் கவனிப்பதோடு இரத்தச் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தாக வேண்டும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால், மொத்தம் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான்! அளவு 300 ஆனால் 15 கிராம். இந்த இரண்டு தேக்கரண்டி வேறுபாடே பெருந்தொல்லை தருகிறது. வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்ப்பதில் தளர்கின்றன; புண் ஆறத் தாமதமாகிறது. சிறுநீரில் வெளியேறும் குளுக்கோஸ் தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்வதால் உடல் வறள்கிறது.

அறுவைக்கு முன் நோயாளி பட்டினி கிடக்கிறார். அப்படியானால் சர்க்கரை குறையத்தானே வேண்டும்? பெரும்பாலும் ஏறுகிறது! மருத்துவரின் கத்திக்கும் புலியின் நகத்துக்கும் உடலுக்கு வேறுபாடு தெரியாது. ஆபத்து என்று எண்ணி அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கிறது. உடனே கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை அவிழ்த்து விடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் ஏற்கெனவே இன்சுலினுக்குச் சரிவரப் பணியாத உடல், இப்போது இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நிறைய இன்சுலின் கொடுத்து 100-க்கே இறக்கிவிட்டால் என்ன? பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இறப்பு குறைந்ததாக 2001-இல் வெளியான முடிவு உலகெங்கும் பரபரப்பூட்டியது. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. சர்க்கரையை 81 முதல் 108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர். 180 வரை விட்டுவைத்தவர்களில் 24.9 சதவீதம். இறுக்கிப் பிடித்தவர்களிடம் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்த நிகழ்ச்சிகளும் மிக அதிகம்.

தாழ்வு ஏன் அவ்வளவு அஞ்சத்தக்கது? மூளையின் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். விழித்திருப்பவருக்குச் சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். மயக்க மருந்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். எனவே அறுவையின்போது சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்த்து, பொதுவாக 100-க்கும் 180-க்கும் இடையே நிறுத்துகிறார்கள்.

இங்கே இயற்பியல் மாணவருக்குப் பழக்கமான ஒரு சிக்கல் எழுகிறது: கட்டுப்பாட்டில் ஏற்படும் தாமதம். தோலுக்கடியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. அதன் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும். சிரையில் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலோ, நிறுத்திய சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறையத் தொடங்கும். பெரிய அறுவைகளில் இம்முறையைக் கையாள்வது இதனால்தான். கூடவே குளுக்கோஸும் ஏற்றுவது உண்டு. முரணாகத் தோன்றுகிறதா? எரிபொருளும் அதை உள்ளே விடும் இன்சுலினும் போதாவிட்டால், உடல் கொழுப்பை எரித்து அமிலங்களைச் சேர்த்துவிடும்.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. தட்டில் மூன்று இட்லி வருகிறது. குமட்டலால் நோயாளி ஒன்றோடு நிறுத்திவிடுகிறார். மூன்று இட்லிக்கான இன்சுலின் முன்பே போட்டிருந்தால் சர்க்கரை சரிந்துவிடும். ஆகவே சரியாகச் சாப்பிடுவாரா என்ற ஐயம் இருந்தால், அவர் உண்டு முடித்ததும் தட்டைப் பார்த்து, அதற்கேற்ற அளவில் விரைவாக வேலை செய்யும் இன்சுலினைப் போடுகிறார்கள்.