சேதுச் சீமை – 7: அரண்மனையில் தொடங்கும் ராமேஸ்வரம்

ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் முதலில் பார்க்க வேண்டியது ராமலிங்க விலாசம். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுப்பிய கொலு மண்டபம் இது. அமைப்பில் இது கோயிலையே ஒத்திருக்கிறது. படியேறியதும் தூண்கள் நிறைந்த மகாமண்டபம், அதையடுத்து அர்த்தமண்டபம், உள்ளே கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ராமர் பீடம் என்னும் அறை. சேதுபதிகள் பட்டம் சூட்டிக்கொண்டது அங்கேதான். சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் பட்டம் தரித்த மன்னர்கள், தங்கள் அரியணையைத் தெய்வ சன்னிதிக்கு உரிய இடத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ராமநாத சுவாமியின் ஊழியராகவே நாடாள்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் கல்லிலும் சுண்ணாம்பிலும் சொல்லிவிட முடியாது.

சுவர்களும் தூண்களும் விதானமும் ஓவியங்களால் நிறைந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை அவை. ராமாயணக் காட்சிகளும் கண்ணனின் லீலைகளும் வரிசை வரிசையாக ஓடுகின்றன. காட்சி இன்னதென்று தமிழிலும் தெலுங்கிலும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். புராணத்தோடு நாட்டின் அன்றைய அரசியலும் சுவரேறியிருப்பதுதான் இந்த மண்டபத்தின் தனிச்சிறப்பு. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினங்களால் அபிஷேகம் செய்கிறார். தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த ஐரோப்பியர்கள் அரசரைக் காண வந்து நிற்கிறார்கள். மேல்மாடியில் பள்ளியறை, அங்கே காட்சிகள் அந்தப்புரத்துக்குரியவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் என்ன உடை, என்ன ஆயுதம், யார் யாருக்கு முன் எப்படி நின்றார்கள் என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மண்டபம் இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வளாகத்திலேயே சேதுபதிகளின் குலதெய்வமான ராஜராஜேஸ்வரியின் கோயிலும் உண்டு. நவராத்திரிக்கு அங்கே போவது நல்லது.

ராமேஸ்வரம் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை ராமநாதபுரத்தில் டீக்கு மட்டும் நிற்கின்றன. மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு இது வழியில் ஓர் ஊர், அவ்வளவுதான். ஆனால் தீவில் அவர்கள் அண்ணாந்து பார்க்கப்போகும் பிராகாரத்தைக் கட்டியவர்கள் இங்கே இருந்தவர்கள். அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கோயில் வேறு விதமாகப் புரியும்.

ஊரைச் சுற்றியும் ஒரு நாளுக்குக் குறையாமல் பார்க்க இருக்கிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நடப்பட்ட ஒன்பது கற்கள் நவக்கிரகங்களாக வழிபடப்படுகின்றன. திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் ராமர் தர்ப்பைப் புல்லின்மேல் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களையப்படுகிறது, அன்று ஊர் கொள்ளாத கூட்டம்.

கீழக்கரையையும் ஓரியூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் கிழவன் சேதுபதியின் காலத்தைச் சொல்பவை. கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண்களும் போதிகைகளுமாகத் திராவிடக் கட்டடக் கலையில் எழுந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். அதே அரசரின் ஆட்சியில்தான் அருளானந்தர் எனப்படும் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அரச குடும்பத்து உறவினரான தடியத்தேவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கிவைத்ததே அந்தத் தண்டனைக்கு இட்டுச் சென்றது; விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதிக்கு உறவு. 1947-இல் அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூரின் சிவந்த மணலை அவருடைய குருதி தோய்ந்த மண்ணாக மதித்து யாத்திரிகர்கள் எடுத்துச் செல்கிறார்கள். ஒரே ஆட்சியின் கொடையையும் கொடுமையையும் இரண்டு ஊர்களில் நின்று பார்க்க முடிகிறது.

மண்டபம் என்னும் ஊரைத் தாண்டியதும் பாம்பன். 1911-இல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளமும் 145 கண்களும் கொண்டது. கப்பலுக்கு வழிவிட நடுவில் திறக்கும் தூக்குப் பகுதி, அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைச் சேர்ந்த பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறையில் அமைந்தது. சிகாகோ ஆற்றில் படகுகளுக்கு வழிவிடுவதற்காக உருவான அந்த முறை 1890-களில் அங்கேதான் முதலில் நடைமுறைக்கு வந்தது. பாலத்தின் இரண்டு இறக்கைகளில் ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடை. ஆனால் இறக்கையின் அடிப்பாகம் வளைந்த வடிவில், எதிர் எடையோடு செய்யப்பட்டிருப்பதால், அது தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி உருள உருள முன்பாகம் மேலே எழுகிறது. எடைக்கு எடை சரியாக நிற்பதால் மோட்டார் தேவைப்படவில்லை. ரயில்வே ஊழியர்கள் கைநெம்புகோலைத் தள்ளிச் சுற்றியே அதைத் திறந்து மூடினார்கள். 1964 புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தபோதும் தூக்குப் பகுதி தப்பியது; இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தார். 2022 டிசம்பரில் இதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது, இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. ரயில் பாலங்களைப் பார்க்க ஏற்ற இடம், 1988-இல் திறந்த சாலைப் பாலம்.

சிகாகோவோடு இந்தக் கரைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1893-இல் அங்கே நடந்த சர்வசமயப் பேரவைக்குப் போகும்படி விவேகானந்தரைத் தூண்டியவர்களுள் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி முக்கியமானவர். நாடு திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு மன்னரும் சேர்ந்து வண்டியை இழுத்தார். பாம்பனை அடுத்த குந்துகாலில் இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. பேரவை நடந்த கட்டடம் சிகாகோவில் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகம். இந்தியர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். குந்துகாலுக்கும் அந்த அக்கறை சேர வேண்டும்.

ராமேஸ்வரத்தில் ராமநாத சுவாமி கோயிலின் பிராகாரங்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,850 அடி. புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரம் 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் உருவானது. 1,212 தூண்கள் கொண்டது. தீவு முழுக்க மணலும் பவளப்பாறையும்தான். பாலம் இல்லாத காலத்தில் இத்தனை கருங்கல்லும் கடல் தாண்டி வந்திருக்கிறது. மேற்கு வாசல் பக்கம் மன்னரும் அவருடைய இரண்டு அமைச்சர்களும் சிலைகளாக நிற்கிறார்கள். கவனித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பக்தர்கள் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்கும் வரிசையாகப் போகிறார்கள். கிணற்றுச் சுவரின் மேல் ஏறி நிற்பவர் கயிற்று வாளியை இறக்கி, வெடுக்கென இழுத்து, அதே வேகத்தில் தலையில் ஊற்றுவார். அடுத்த வாளி அதற்குள் பாதி இறங்கியிருக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் கிணறுகளில் நல்ல தண்ணீர். பிறகு உடைமாற்றித்தான் சன்னிதிக்குப் போக வேண்டும். அனுமன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விசுவலிங்கத்துக்கு முதல் பூசை, சீதை மணலால் பிடித்ததாகச் சொல்லப்படும் ராமலிங்கத்துக்கு அடுத்தது. ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலையில் மட்டும்.

அப்துல் கலாம் பிறந்த வீடு கோயிலுக்கு அருகே பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. பேய்க்கரும்பில் அவரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய நினைவகம் 2017 ஜூலை 27 முதல் திறந்திருக்கிறது.

தனுஷ்கோடி 1914 முதல் இலங்கைப் பயணத்தின் வாசலாக இருந்தது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் போனது, ஊரும் போனது. இன்று மிஞ்சியிருப்பவை பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் சிதைவுகள், இன்னும் சில மொட்டைக் கட்டடங்கள். அவற்றின் மேல் பெயர் கீறுவதும் கல்லைப் பெயர்த்து எடுப்பதும் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் பேருந்திலேயே போகலாம். மாலைக்கு மேல் அங்கே தங்க அனுமதி இல்லை. காலையில் கோயிலை முடித்துவிட்டு நண்பகலுக்குள் கிளம்பினால் இடிபாடுகளை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.